வழித்துணையும் மந்திர ஆற்றலும்: சிலப்பதிகாரம், மணிமேகலை காட்டும் வழிகாட்டி மாந்தர்

ஆய்வுச்சுருக்கம்

மிகுபுனைவுக் கதைகளில் பயணம் மேற்கொள்ளும் குழுவுக்கு வழிகாட்டும் மந்திர ஆற்றல் உடைய முதியவர், உலக இலக்கியங்களில் பரவலாகக் காணப்படும் பாத்திர வகையாவார். இப்பாத்திரத்திற்கு நிகரானவர் தமிழ் மரபில் யார் என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. சிலப்பதிகாரத்தின் கவுந்தியடிகளையும் மணிமேகலைக்கு வழிகாட்டும் மாந்தரையும் முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு, ஆற்றல், எல்லை, பொறுப்பு என்னும் மூன்று அளவுகோல்களில் விடை காண முயல்கிறது. விக்கிரமாதித்தன் கதை, பாதாள பைரவி திரைப்படம் ஆகியவற்றில் வரும் பொய் வழிகாட்டியும், டோல்கீனின் காண்டால்பும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றனர்.

திறவுச்சொற்கள்: வழித்துணை, கவுந்தியடிகள், ஆற்றுப்படை, மந்திரம், மிகுபுனைவு, அடைக்கலம்.

முன்னுரை

ஜே. ஆர். ஆர். டோல்கீனின் ‘ஹாபிட்’ என்னும் புதினம் 1937ஆம் ஆண்டு வெளிவந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நடுப்பகுதியிலிருந்து தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்ததும் அதே ஆண்டிலாகும். இவ்விரு நிகழ்வுகளுக்கும் தொடர்பில்லை. எனினும் ஆங்கில இலக்கியமும் தமிழ் இலக்கியமும் ஒரே வளாகத்தில் பயிலப்படும் இடங்களில் ஒப்பியல் நோக்கு இயல்பாகவே முளைக்கிறது. அக்கல்லூரியில் 1898 முதல் 1911 வரை தமிழ் பயிற்றிய மறைமலையடிகள், பின்னர்த் தாம்பரத்தை அடுத்த பல்லாவரத்தில் வாழ்ந்து தம் ஆய்வுகளைத் தொடர்ந்தார். முல்லைப்பாட்டுக்கும் பட்டினப்பாலைக்கும் அவர் எழுதிய ஆராய்ச்சியுரைகள், பழம்பாடலைப் புதிய திறனாய்வு முறைகளால் அணுகிய தொடக்க முயற்சிகளுள் அடங்கும்.

இன்று அதே புறநகர்ப் பகுதியில் பயிலும் மாணவர் பலர் காண்டால்பைத் திரையிலேனும் அறிந்தவர்கள். அவர்களுக்குத் தமிழ்க் காப்பியம் கற்பிக்கும் ஆசிரியர் ‘இவர் நம் காண்டால்ப்’ என்று ஒருவரைச் சுட்டிக்காட்டுவது எளிது. அத்தகைய சுட்டல் பாத்திரங்களின் வேறுபாட்டை மறைத்துவிடும் என்பதே இங்குள்ள இடர். மந்திரம் அறிந்தவர் அனைவரும் வழிகாட்டிகள் அல்லர். வழிகாட்டுவோர் அனைவரும் மந்திரத்தை நாடுவோரும் அல்லர். இவ்வேறுபாட்டை வரையறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆற்றுப்படை: வழிகாட்டலின் முதல் வடிவம்

தமிழில் வழிகாட்டல் என்னும் செயல் தனி இலக்கிய வகையாகவே வளர்ந்தது. பரிசில் பெற்று மீளும் கலைஞர், வறுமையில் வரும் மற்றொரு கலைஞரை அதே வள்ளலிடம் ஆற்றுப்படுத்துவது ஆற்றுப்படையின் இலக்கணம். பத்துப்பாட்டில் பாதி இவ்வகையைச் சார்ந்தது. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் பாணனை அனுப்புகிறது. எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் ஆகியவற்றைக் கடந்து கிடங்கிலை அடையும் அவ்வழியின் முடிவிடம், தாம்பரத்திலிருந்து தெற்கே செல்லும் பெருவழியில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டி அமைந்துள்ளது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை தொண்டைமான் இளந்திரையனின் காஞ்சிக்கு வழி கூறுகிறது.

இவ்வகை நூல்களில் இடர்களை விரிவாக எடுத்துரைப்பது மலைபடுகடாம். பன்றிகளுக்கு வைத்த பொறிகள், பாம்பு உறையும் குழிகள், தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கற்கள், வழுக்கும் பாறைகள் எனக் கூத்தர் எதிர்கொள்ளக்கூடிய ஒவ்வொன்றும் அதில் முன்கூட்டியே சொல்லப்படுகிறது. ஆற்றுப்படுத்துவோரிடம் இயற்கை கடந்த ஆற்றல் ஏதும் இல்லை. தாம் நடந்து கண்ட அறிவே அவருடைய தகுதி. மேலும் அவர் உடன் செல்வதில்லை. வழியைச் சொல்லிவிட்டுத் தம் வழியே போகிறார். தமிழ் மரபின் முதல் வழிகாட்டி, தன் அனுபவத்தைப் பிறருக்குக் கொடையாக அளிக்கும் சக பயணி என்பது இதனால் பெறப்படும்.

உடன் நடக்கும் வழிகாட்டி

சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் இம்மரபு ஒரு திருப்பத்தை அடைகிறது. புகாரை விட்டு வைகறையில் வெளியேறிய கோவலனும் கண்ணகியும் காவிரியின் வடகரை வழியே மேற்கு நோக்கி நடந்து கவுந்தியடிகளின் தவப்பள்ளியை அடைகின்றனர். கண்ணகியின் மென்மையான அடிகள் நெடுவழிக்கு ஒவ்வா எனக் கூறித் தடுக்க முயலும் சமணத் துறவியாகிய கவுந்தி, அவர்களின் உறுதியைக் கண்டு தாமும் உடன் புறப்படுகிறார். மதுரையில் அறவோரிடம் அறவுரை கேட்க வேண்டும் என்னும் தம் விருப்பத்தையும் அவர் காரணமாகக் கூறுகிறார். உடன் செல்லும் வழிகாட்டிக்குத் தனக்கென ஒரு நோக்கமும் இருப்பதை இளங்கோவடிகள் மறைக்கவில்லை.

புறப்படும் முன் கவுந்தி கூறும் வழி எச்சரிக்கைகள் கருதத்தக்கவை. சோலை வழியே சென்றால் கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடியிருக்கும். அவற்றைத் தவிர்த்து நடப்போரைத் தாழ்ந்து தொங்கும் பலாக்கனிகள் முட்டும். வயல் வழியே சென்றால் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கும். அது பொறுத்தற்கரிய துன்பம். முதற்பகுதி மலைபடுகடாத்தின் குரலை ஒத்தது. இரண்டாம் பகுதி புதியது. வழிப்போக்கருக்கு வழி இழைக்கும் தீங்கை மட்டும் ஆற்றுப்படை பேசியது. வழியில் வாழும் உயிர்களுக்கு வழிப்போக்கர் இழைக்கக்கூடிய தீங்கையும் கவுந்தி பேசுகிறார். அவர் எடுத்துச் செல்லும் பொருள்கள் பிச்சைக்கலம், தோளில் உறி, கையில் மயிற்பீலி ஆகியவையே. காண்டால்பின் கைக்கோல் தாக்கவும் ஒளிதரவும் பயன்படுவது. கவுந்தியின் பீலியோ சிற்றுயிர்களுக்கு ஊறு நேராமல் விலக்குவதற்கு உரியது.

ஆற்றலின் எல்லை: சாபமும் மீட்பும்

கவுந்தியிடம் இயற்கை கடந்த ஆற்றல் உண்டு என்பதைக் காப்பியம் ஒரே ஒரு முறை வெளிப்படையாகக் காட்டுகிறது. உறையூரை அடையும் முன் ஒரு சோலையில் பரத்தை ஒருத்தியும் அவளுடன் வந்த வீணனும் எதிர்ப்படுகின்றனர். உடன் வருவோர் யார் என அவர்கள் வினவ, ‘என் மக்கள்’ என்கிறார் கவுந்தி. உடன்பிறந்தோர் கணவன் மனைவியாக வாழ்வதுண்டோ என அவர்கள் எள்ளுகின்றனர். கண்ணகி செவி புதைத்து நடுங்குகிறாள். கவுந்தியின் தவ ஆற்றலால் அவ்விருவரும் முள்ளுடைக் காட்டில் நரிகளாகின்றனர்.

இந்நிகழ்ச்சியின் கருத்து சாபத்தோடு முடியவில்லை. நரிகளின் ஊளை கேட்டு அஞ்சிய கோவலனும் கண்ணகியும், அறியாமையால் பிழைத்தோருக்கு உய்தி அளிக்குமாறு கவுந்தியை வேண்டுகின்றனர். பன்னிரண்டு திங்கள் உறையூர் மதிற்புறத்தே திரிந்து பின் பழைய உருவம் பெறுவர் எனச் சாபத்திற்கு எல்லை வகுக்கப்படுகிறது. கொல்லாமையை ஒவ்வோர் அடியிலும் காக்கும் துறவியின் சினம் வரம்பு மீறும்போது, அவரால் காக்கப்படுவோரே அதற்கு வரம்பு கட்டுகின்றனர். வழிகாட்டியை வழிநடத்தும் பொறுப்பு உடன் செல்வோர்க்கும் உண்டு என்பது இதனால் புலனாகிறது. ஆற்றல் உடையவர் சொல்லியதே முடிந்த முடிபு என்னும் நிலை இக்காப்பியத்தில் இல்லை.

மறுக்கப்பட்ட மந்திர வழி

காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் தோன்றுகிறான். கொடும்பைக்கு அப்பால் மதுரைக்குச் செல்லும் வழி, சிவபெருமானின் சூலம்போல் மூன்றாகப் பிரிவதை அவன் விளக்குகிறான். அவற்றுள் இடப்பக்க வழி திருமால்குன்றத்தின் வழியே செல்வது. அங்குள்ள பிலத்தினுள் மூன்று பொய்கைகள் உள்ளன. புண்ணிய சரவணத்தில் மூழ்கியோர் ஐந்திர இலக்கணத்தை அறிவர். பவகாரணியில் மூழ்கியோர் முற்பிறப்பை உணர்வர். இட்டசித்தியில் மூழ்கியோர் எண்ணியதை எல்லாம் பெறுவர். பிலத்தின் வாயிலில் வரோத்தமை என்னும் தெய்வமகள் தோன்றி, இம்மை மறுமை இன்பங்களைப் பற்றி வினவுவாள்; விடை கூறுவோர்க்குக் கதவு திறக்கப்படும்.

ருஷ்ய நாட்டார் கதைகளை ஆராய்ந்து விளாதிமிர் பிராப் 1928இல் வெளியிட்ட நூலில் கூறும் அமைப்பு இப்பகுதியில் முழுமையாக உள்ளது. நாயகனைச் சோதிக்கும் கொடையாளி, அவர் எழுப்பும் வினா, வென்றோர்க்குக் கிட்டும் மந்திரப் பொருள் ஆகிய மூன்றும் வரிசையாக நிற்கின்றன. கதையின் இயல்பான போக்கில் கோவலன் அப்பிலத்தில் நுழைய வேண்டும். ஆனால் கவுந்தி மறுத்துவிடுகிறார். ஐந்திரத்தை அருகன் அருளிய நூலிலேயே காணலாம். முற்பிறப்பின் விளைவை இப்பிறப்பிலேயே அறியலாம். வாய்மை வழுவாது உயிர்களைப் பேணுவோர்க்கு எய்த இயலாத பொருள் எதுவும் இல்லை என்பது அவர் விடையின் சாரம். சமண அறக்கோட்பாட்டின் நோக்கில் இது செறிவான மறுப்பு. கொடுக்கப்பட்ட மோதிரத்தை ஏற்க மறுக்கும் காண்டால்பின் செயலோடு இதனை ஒப்பிடலாம். ஆற்றலைத் தருவதாகக் கூறும் பொருளே தன்னை ஆட்கொள்ளும் என்னும் அச்சம் காண்டால்பினது. அப்பொருள் தேவையே இல்லை என்னும் தெளிவு கவுந்தியினது.

எனினும் இவ்விடத்தில் ஆய்வாளர் கடந்து செல்லக் கூடாத வினா ஒன்று உண்டு. மறையோனின் சொற்களைக் கேட்டு நிற்பவருள் கோவலன், செல்வம் அனைத்தையும் இழந்து, மனைவியின் சிலம்பை முதலாகக் கொண்டு வாழ்வைத் தொடங்க மதுரை செல்பவன். எண்ணியதைத் தரும் பொய்கை அவனுக்குத் தேவையற்றது எனக் கூறிவிட இயலாது. அவ்வழியும் மதுரைக்கே செல்வது. சிலம்பை விற்க நேராதிருந்தால் கொலைக்களக் காதைக்கும் இடமிருந்திராது. கவுந்தி விடை கூறும்போது கோவலன் எதுவும் பேசுவதில்லை. ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்பதைப் பாவிகமாகக் கொண்ட காப்பியத்தில் எவ்வழி சென்றாலும் முடிவு மாறாது எனலாம். ஆயினும் துறவி தமக்குத் தேவையற்றதை இல்லறத்தானுக்கும் தேவையற்றதாகக் கருதினார் என்னும் உண்மை எஞ்சி நிற்கிறது. வழிகாட்டியின் அறமும் வழிச்செல்வோனின் தேவையும் ஒன்றாக இருப்பதில்லை என்னும் நுட்பம் இம்மௌனத்தில் அடங்கியுள்ளது.

மறையோனின் அறிவு முற்றிலும் வீணாகவுமில்லை. இடைவழியில் மயக்கும் கானுறை தெய்வம் உண்டு என அவன் எச்சரித்திருந்தான். நீர் வேட்கையால் பொய்கைக்குச் சென்ற கோவலன் முன் அத்தெய்வம் மாதவியின் தோழி வசந்தமாலையின் வடிவில் தோன்றுகிறது. எச்சரிக்கையை நினைவுகூர்ந்த கோவலன் கொற்றவைக்குரிய மந்திரத்தை உச்சரிக்க, தெய்வம் தன் உண்மை வடிவைக் காட்டி, கவுந்திக்கும் கண்ணகிக்கும் இதனை உரைக்காதிருக்குமாறு வேண்டி நீங்குகிறது. கவுந்தி உடன் இல்லாத பொழுதில் நிகழ்ந்த ஒரே சோதனை இது. அதில் கோவலனைக் காத்தது, கவுந்தி பொருட்படுத்தாது விடுத்த மறையோனின் சொல்லாகும். ஒரே வழிகாட்டியிடம் எல்லா அறிவையும் காப்பியம் ஒப்படைக்கவில்லை.

நகர எல்லையில் நிற்றல்

வைகையைக் கடந்து மதுரையின் புறஞ்சேரியை அடைந்ததும் கவுந்தியின் வழித்துணை முடிவுக்கு வருகிறது. இராமன், நளன் ஆகியோரின் துயரை எடுத்துக்காட்டிக் கோவலனைத் தேற்றும் அவர், மனைவியோடு வந்தவன் துறவியர் உறையும் இடத்தில் தங்குதல் தகாது என்பதால் கண்ணகியை ஆயர்முதுமகள் மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். அடைக்கலம் காத்தலின் சிறப்பையும் அப்போது விரித்துரைக்கிறார். காக்கும் பொறுப்பு துறவியிடமிருந்து இல்லறத்தாளிடம் கைமாறுகிறது.

மிகுபுனைவுக் கதைகளில் வழிகாட்டி இடையில் நீங்குவது பொதுவான உத்தி. காண்டால்ப் ‘ஹாபிட்’ புதினத்தில் மிர்க்வுட் காட்டின் விளிம்பில் குழுவைப் பிரிகிறார். 1954-55இல் வெளிவந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நூலில் மோரியாவின் பாலத்தில் வீழ்கிறார். அவர் இல்லாமையே பிறரை வளரச் செய்கிறது. சிலப்பதிகாரத்தில் வழிகாட்டி நீங்கியபின் வளர்ச்சி நிகழவில்லை, கோவலன் கொல்லப்படுகிறான். ஆனால் அதுவரை பிறர் துணையோடு நடந்த கண்ணகி, வழிகாட்டி எவருமின்றி அரசவைக்குச் செல்கிறாள். நடந்த வழி முழுவதும் மிகக் குறைவாகவே பேசிய அவள், அங்கே நீதி கேட்கிறாள். வழித்துணை முடிந்த இடத்தில் கண்ணகியின் தனிவழி தொடங்குகிறது.

கவுந்தியின் கதை நீர்ப்படைக் காதையில் மாடலனின் கூற்றாக நிறைவுறுகிறது. நிகழ்ந்ததை அறிந்த அவர், இவ்விருவருடனும் தாம் வந்தது இதற்கோ என வருந்தி உண்ணா நோன்பிருந்து உயிர் துறக்கிறார். அடைக்கலம் காக்கத் தவறியதாக மாதரி எரியில் புகுகிறாள். கொலையில் இருவருக்கும் பங்கில்லை. இருப்பினும் விளைவின் பொறுப்பை இருவரும் தம்மேல் ஏற்கின்றனர். இலக்கை அடைவிப்பதே வழிகாட்டியின் கடமை என்னும் கருத்தை இது கடந்து நிற்கிறது.

மந்திரம் பெற்றவள்

மணிமேகலையில் வழிகாட்டும் பணி பலரிடம் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளது. மணிமேகலா தெய்வம் அவளை மணிபல்லவத்திற்கு எடுத்துச் செல்கிறது. அங்குள்ள புத்த பீடிகை முற்பிறப்பை உணர்த்துகிறது. தீவதிலகை அமுதசுரபி பற்றிய செய்தியைக் கூறுகிறாள். அறவண அடிகள் அதன் பயனை விளக்குகிறார். ‘மந்திரங்கொடுத்த காதை’ என ஒரு காதைக்குப் பெயரே அமைந்துள்ளது. வேற்றுருக் கொள்ளல், வான்வழிச் செல்லல், பசி நீக்கல் ஆகிய மூன்று மந்திரங்களைத் தெய்வம் மணிமேகலைக்கு அளிக்கிறது. சிலப்பதிகாரம் மறுத்ததை மணிமேகலை ஏற்றுக்கொள்வதாக முதல் நோக்கில் தோன்றும்.

ஆனால் மந்திரம் தரும் விளைவை இக்காப்பியமும் ஐயத்தோடே நோக்குகிறது. உதயகுமாரனிடமிருந்து தப்ப மணிமேகலை காயசண்டிகையின் உருவம் கொள்கிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அவளைத் தன் மனைவி என எண்ணி, பொறாமையால் உதயகுமாரனை வாளால் வெட்டுகிறான். தற்காப்புக்காகப் பயன்பட்ட மந்திரம் ஓர் உயிரிழப்புக்கு வழிவகுத்தது. பின்னர் வஞ்சியில் சமயக் கணக்கரின் கொள்கைகளைக் கேட்க அவள் மாதவன் வடிவம் கொள்கிறாள். முடிவில் தொண்டைநாட்டுக் காஞ்சியில் அறவண அடிகளை அடைந்து, தன் சொந்த வடிவில் அறம் கேட்டு நோன்பு பூணுகிறாள். வேற்றுரு பயணத்திற்குப் பயன்பட்டது. இறுதி நிலைக்கு அது தேவைப்படவில்லை. இவ்வாறு நோக்கின் இரு காப்பியங்களும் வெவ்வேறு வழியில் ஒரே முடிவை எட்டுகின்றன.

பொய் வழிகாட்டி

தமிழில் ‘மந்திரவாதி’ என்னும் சொல் பெரும்பாலும் அச்சத்தையும் ஐயத்தையும் சார்ந்தே வழங்குகிறது. இதற்குக் கதைமரபு ஒரு காரணம். விக்கிரமாதித்தன் கதையின் வேதாளப் பகுதியில், மரத்தில் தொங்கும் வேதாளத்தைக் கொண்டுவருமாறு அரசனை அனுப்பும் துறவி வேடத்தான், அவனையே பலியிடக் கருதுகிறான். வினாக்களால் அரசனைத் தடுத்து அலைக்கழிக்கும் வேதாளமே இறுதியில் உண்மையைச் சொல்லி அவனைக் காக்கிறது. வழிகாட்டி பகையாகவும் தடையாக நின்றது துணையாகவும் மாறும் அமைப்பு இது.

1951இல் கே. வி. ரெட்டியின் இயக்கத்தில் தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்த பாதாள பைரவி திரைப்படம் இவ்வமைப்பைப் பரந்த மக்களிடம் கொண்டு சேர்த்தது. எஸ். வி. ரங்காராவ் ஏற்ற நேபாள மாந்திரிகன், செல்வம் தேடும் நாயகனைப் பாதாள பைரவியிடம் அழைத்துச் செல்வது அவனைப் பலிகொடுத்து வரம் தரும் சிலையைப் பெறுவதற்காகவே. உண்மை அறிந்த நாயகன் மந்திரவாதியையே பலியிட்டுச் சிலையைப் பெறுகிறான்.

உண்மை வழிகாட்டிக்கும் பொய் வழிகாட்டிக்கும் ஆற்றலின் அளவில் வேறுபாடில்லை. வேறுபாடு நோக்கத்தின் வெளிப்படைத்தன்மையில் உள்ளது. கவுந்தி தம் விருப்பத்தைப் புறப்படும் முன்பே அறிவித்தார், மாந்திரிகன் மறைத்தான். கவுந்தி இறுதியில் தம் உயிரைத் துறந்தார். மாந்திரிகன் பிறர் உயிரை விலையாக்க முயன்றான்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. தமிழ் மரபில் வழிகாட்டியின் அடிப்படைத் தகுதி அனுபவ அறிவாகும். மந்திர ஆற்றல் அதன்மேல் ஏற்றப்பட்ட கூறு என்பதை ஆற்றுப்படை நூல்கள் உறுதிப்படுத்துகின்றன.

2. ஆற்றல் வெளிப்படும் இடங்களில் அதற்கு எல்லையும் உடன் வகுக்கப்படுகிறது. கவுந்தியின் சாபம் கோவலன், கண்ணகி ஆகியோரின் இரக்கத்தாலும், மணிமேகலையின் வேற்றுரு அதன் கொடிய விளைவாலும் வரம்புக்கு உட்படுகின்றன.

3. காண்டால்புக்கும் கவுந்திக்கும் இடையே ஆற்றலை மறுத்தல், இடையில் நீங்குதல் ஆகிய ஒற்றுமைகள் உள்ளன. வழிச்செல்வோரின் அழிவுக்குத் தார்மீகப் பொறுப்பேற்று உயிர் துறத்தல் கவுந்தியைத் தனித்துக் காட்டுகிறது.

4. மாங்காட்டு மறையோனின் பகுதியில் கோவலனின் மௌனம் இதுவரை பெற்றதைவிடக் கூடுதல் கவனத்தைப் பெறத் தக்கது. நல்ல வழிகாட்டியும் பிறர் தேவையைத் தம் கொள்கையால் அளக்கக்கூடும் என்னும் எச்சரிக்கை அதில் உள்ளது.

வகுப்பறையில் ஒப்பீடு தொடங்குவதற்குக் காண்டால்ப் நல்ல வாயில். ஆனால் கவுந்தியை அவருடைய தமிழ் வடிவமாகக் கொள்வதைவிட, வழிகாட்டியின் பொறுப்பு எதுவரை நீள்கிறது என்னும் வினாவை இரு பாத்திரங்களிடமும் எழுப்புவது பயன் தரும். அவ்வினாவைக் கல்வி பயிற்றுவோர் தம்மிடமும் எழுப்பிக்கொள்ள இடமுண்டு.